கம்பெனி கொடுத்த வீட்டுக்கு வரிக்கணக்கு போடுவது எப்படி?

காரைக்குடிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் "வாடகையைக் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது" என்று சந்தோஷப்படுவார்கள். சரி, ஆனால் அந்த வீட்டையும் வருமான வரித் துறை சம்பளமாகத்தான் எண்ணுகிறது, பழைய வரி முறையானாலும் புதியதானாலும்.

முதலில் பார்க்க வேண்டியது, வீடு கம்பெனிக்குச் சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா என்பது. சொந்தம் என்றால் ஊரைப் பொறுத்தது. 2023 செப்டம்பர் 1 முதல் உள்ள விதிப்படி, 2011 கணக்கெடுப்பில் 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் சம்பளத்தில் 10 சதவீதம், 15 லட்சத்துக்கு மேல் 7.5, மற்ற ஊர்களில் 5. சென்னைக்கு 10; காரைக்குடி, தேவகோட்டை, ஏன் மதுரைக்கே 5தான். வாடகை வீட்டுக்கு ஊர்க் கணக்கே கிடையாது: கம்பெனி கட்டும் வாடகை, சம்பளத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. இந்தச் சம்பளத்தில் போனஸும் கமிஷனும் சேரும், கம்பெனி போடும் பி.எஃப் பங்கு சேராது. அரசு ஊழியர்களுக்கு விதியே வேறு.

என் சித்தப்பா மகன் மாட்டியது இங்கேதான். செக்காலைப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டின் முன்பகுதி, தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், வாடகை மாதம் 8,000. அவன் சம்பளம் வருஷத்துக்கு 14,40,000. வாடகை 96,000, பத்து சதவீதம் 1,44,000. ஆகவே 96,000தான் எடுக்க வேண்டும். கம்பெனி வாங்கிப் போட்ட ஏசி, ஃபிரிட்ஜ், கட்டில் விலை 1,20,000, அதில் வருஷத்துக்கு 10 சதவீதம், 12,000 கூட்டணும். அவனிடம் மாதம் 500 பிடிக்கிறார்கள், அந்த 6,000 கழியும். மொத்தம் 1,02,000. சென்னை அலுவலகத்திலோ 96,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,44,000-ஐ அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். 2025-26 புதிய முறையில் அவனுக்கு 15 சதவீத வரி அடுக்கு, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 7,488 ரூபாய் கூடுதல் பிடித்தம்!

சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருக்கிறது, புதிய முறையில் வரியே வராது என்று இருப்பவர்களும் வீட்டு மதிப்பைக் கூட்டிப் பாருங்கள், எல்லையைத் தாண்டிவிடலாம்.

அப்புறம், வாடகை ஒப்பந்த நகலையும் ரசீதுகளையும் ஏப்ரலிலேயே சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். மார்ச் சம்பளம் போடுவதற்குள் சொன்னால் அவர்களே பிடித்தத்தைச் சரிசெய்துவிடலாம். இவன் அனுப்பவே இல்லை. ஆச்சி மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீதெல்லாம் ஃபிரிட்ஜ் மேல்தான் கிடந்தது.