சயாம் மரண ரயில்பாதையைக் காணச் செல்வோருக்கு

சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் குவாய் ஆற்றுப் பாலத்தில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே பேங்காக் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் வேலை வாங்கப்பட்டார்கள். கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளர்களில் மாண்டோருக்குக் கணக்கே இல்லை. மதிப்பீடுகள்தான் உண்டு, அவற்றுள் பலவும் 90,000ஐ ஒட்டி நிற்கின்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் ஏராளம். இந்த இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இரண்டு இரவுகளாவது தங்கும்படி திட்டமிடுங்கள்.

முதலில் பாலத்துக்குப் போகாமல், ஊருக்குள் போர்க்கல்லறைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்துக்குப் போவது நல்லது. மலாக்கா நீரிணை வழியாகப் பர்மாவுக்குச் சென்ற ஜப்பானியக் கப்பல்களுக்கு நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து இருந்ததால்தான் தரைவழி அவசரமாகத் தேவைப்பட்டது என்பதையும், 1943இன் மழைக்காலத்தில் வேலையை விரைவுபடுத்தியபோது காலராவும் பட்டினியும் முகாம்களை எப்படிக் காலி செய்தன என்பதையும் அங்கே தெரிந்துகொண்டு வெளியே வந்தால், பிறகு பார்க்கும் ஒவ்வோர் இடமும் பொருள்படும்.

அடுத்து கல்லறைத் தோட்டம். இங்கே ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தாழ்வான ஒவ்வொரு பீடத்தின் மேலும் ஒரு வெண்கலத் தகடு; அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பலவற்றில் வயதும் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரியும் இருக்கும். வரிசை வரிசையாகக் கடந்துபோகாமல் ஏதேனும் ஒரு வரிசையையாவது முழுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு, தொழிலாளர்களின் கல்லறைகள் எங்கே என்ற கேள்வி தானாக எழும். கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார், எங்கே, எப்போது இறந்தார் என்பதை அவர்கள் மறைத்து எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு உடல்கள் தேடி எடுக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்து, சில வேளைகளில் மனைவி மக்களோடும், வந்தவர்களுக்கு அப்படிப் பேரெழுத ஆளில்லை. அவர்கள் எரிக்கப்பட்டார்கள், அல்லது ஒரே குழியில் பலராகப் புதைக்கப்பட்டார்கள். மிஞ்சியதைக் காடு மூடிவிட்டது.

அவர்களுக்கான இடங்களை நாமே தேடிப் போக வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில், கண்டெடுக்கப்பட்ட தொழிலாளர் எலும்புகளை வைத்து எழுப்பிய நினைவுத் தூபி ஒன்று உள்ளது. அண்மைக் காலத்தில் தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் அங்கே நாட்டப்பட்டிருக்கிறது. வழிபாட்டிடம் என்பதால் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஜப்பானிய ராணுவமே 1944இல் மாண்டவர்களுக்காகக் கட்டிய நினைவுத்தூண் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டுகள் உண்டு, தமிழும் அவற்றுள் ஒன்று. வேலை வாங்கிச் சாகவிட்டவர்களே, போர் முடியும் முன்பே, நம் எழுத்தில் பதித்த அஞ்சலி அது. எந்த நினைவிடத்திலும் யார் எழுப்பினார்கள், எப்போது, யாரை முன்னிறுத்தி என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை இந்தத் தூணிலிருந்தே தொடங்கலாம்.

பாலத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். வளைந்த மேல்விளிம்பு கொண்ட இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை. நடுவே கோண வடிவில் நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் வீழ்ந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை. நவம்பர் இறுதியில் தொடங்கும் பால விழாவின்போது வாணவேடிக்கையும் வெடியோசையுமாக இருக்கும். இறந்தவர்களை நினைக்கப் போகிறவர்கள் அந்நாட்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மறுநாள் காலை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாதையிலேயே, ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் வரை ரயிலில் செல்லுங்கள். செல்லும் திசையில் இடப்பக்க இருக்கையைப் பிடித்தால், வாங் போ அருகே பாறைச்சரிவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதையும் கீழே ஆற்றையும் தெளிவாகக் காணலாம். பாதை நாம் தோக்கிலேயே முடிவதால், ஹெல்ஃபயர் கணவாய்க்கு அங்கிருந்து வாகனம் பிடிக்க வேண்டும். திரும்பி வருவதற்கும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் அருங்காட்சியகம் கணவாயில் உள்ளது, அனுமதி இலவசம். ஒலிவழிகாட்டிக் கருவியை வாங்கிக்கொண்டு படிகளில் இறங்கினால், மலையைப் பிளந்த வெட்டுப்பாதைக்குள் போய் நிற்போம். சுவரில் விரல் நுழையும் அளவில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளங்கள், ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்து இறக்கிய வெடிமருந்துத் துளைகளின் தடங்கள். இரவில் தீப்பந்த வெளிச்சத்திலும் வேலை நடந்ததால்தான் நரக நெருப்பின் பெயர் இந்த இடத்துக்கு வந்தது. வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிடுங்கள். பிடிப்புள்ள காலணியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். கல்லோ ஆணியோ எதையும் எடுத்து வராதீர்கள்.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்ற பேச்சு இருந்தால், புறப்படும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், வேலை செய்த தோட்டத்தின் பெயர், கூடப் போனவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாண்ட போர்க்கைதிகளின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடிவிடலாம். தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படியொரு முழுப் பட்டியல் கிடையாது. ஆகவே நீங்கள் எழுதிய குறிப்பில் ஒரு படியை ரயில்வே மையத்திலும், இன்னொன்றை இவ்வரலாற்றைத் திரட்டிவரும் மலேசிய ஆர்வலர் குழுவினரிடமும் கொடுத்து வையுங்கள்.