ஒத்தத் தலைவலியா? சுக்கு இழைக்கும் முன்னால் மணியைப் பாருங்கள்

போன வருஷம் மார்ச்சில் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். கிளம்பும் அவசரத்தில் நான் சாப்பிடவில்லை, காபியும் விட்டுப்போயிற்று. பஸ்ஸில் ஜன்னலோர சீட். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வயிறு ஒரு பக்கம் போய்த் திரும்பியது. மேலே போகப்போக சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு முகத்தில் அடித்தது. இறங்கினால், முந்தின வாரம் பெய்த மழைக்கு எஸ்டேட் முழுக்கக் காபி பூத்துக் கிடக்கிறது. மல்லிகை மாதிரி வாசம், எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குக் கண்ணோரத்தில் பல் பல்லாக ஒரு வெளிச்சக்கோடு ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் ஒரு மிளகுக்கொடி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் வயித்தோட மலை ஏறலாமா கண்ணு" என்றார். பதினைந்து வருஷமாக இந்த வலியோடு குடித்தனம் நடத்துகிறேன், எந்த டாக்டரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

முதலில் உங்களுக்கு வருவது ஒற்றைத் தலைவலிதானா என்று பாருங்கள். மூன்றே கேள்வி. தலைவலிக்கும்போது குமட்டுகிறதா? வெளிச்சம் பிடிக்காமல் போகிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வலியால் வேலை கெட்டதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் பெரும்பாலும் இதுதான், டாக்டரிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். பேர்தான் ஒற்றை, பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மருந்து போடாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இழுக்கும். மூக்கடைப்பும் கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வருவதால் நம்மூரில் பாதிப் பேர் இதை சைனஸ் என்று நினைத்து நொச்சி ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நாலு வருஷம் பிடித்தேன், வியர்த்ததுதான் மிச்சம்.

இது நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறு. இந்த மூளைக்கு மாற்றம் என்றாலே ஆகாது. தூக்கம் குறைந்தாலும் வரும், கூடினாலும் வரும், சாப்பாடு தள்ளிப்போனால் வரும், மாதவிடாய்க்கு முந்தின இரண்டு நாளில் ஹார்மோன் இறங்கும்போது வரும். ஒரு காரணத்தைத் தலை தாங்கிவிடும், மூன்று சேர்ந்து வந்தால் தாங்காது. என் மலைப்பயணம் அப்படித்தான், பட்டினி, காபி இல்லாமை, வெளிச்சம், வாசம், பஸ் குலுக்கல் எல்லாம் ஒரே காலையில். அதனால் எந்த வைத்தியத்துக்கும் முன்னால் உங்கள் காரணங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஆப் எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ராத்திரி தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் ஐந்து விஷயம் எழுதி ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள்: எழுந்த மணி, மூன்று வேளை சாப்பிட்ட மணி, காபி எத்தனை, தலைவலி வந்ததா, மாத்திரை போட்டேனா. பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் எழுதுங்கள். இரண்டு மாதம். எனக்கு அந்தத் தாள்கள் காட்டியதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் சாப்பிட்டால் மறுநாள் தலைவலி வருகிறது என்று வருஷக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருந்தேன், கடைவீதிப் பக்கம் போனாலே தலையைத் திருப்பிக்கொள்வேன். தாளைப் பார்த்தால், சாதாரண நாளில் சாப்பிட்ட செட் ஒன்றும் செய்யவில்லை. உப்பும் காரமுமாக எதையாவது தின்றே ஆக வேண்டும் என்று வெறி வந்த நாளில் மட்டும்தான் மறுநாள் வலி. அந்த வெறி, அளவில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, அடிக்கடி சிறுநீர் எல்லாமே வலி வருவதற்கு முந்தின நாளே தொடங்கும் முன்னறிகுறிகளாம். பாவம், தட்டுவடை மேல் பழி. இப்போது அப்படி ஒரு வெறி வந்தால் செட்டையும் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுகிறேன்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் ஆறு மணிக்குக் காபி, ஞாயிறு எட்டரைக்கு எழுந்து ஒன்பதுக்குக் காபி. மூளைக்குக் காபி பழகிவிட்டால் அது தள்ளிப்போவதே வலியாக வரும். இதற்கு எந்தப் பச்சிலையும் வேண்டாம், ஞாயிறும் ஆறரைக்கு எழுந்தால் சரி. ஏற்காட்டுக் காபி கையில் இருக்கிறது என்று நாலு டம்ளர் இறக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு போதும், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வாரத்துக்கு அரை டம்ளராகக் குறையுங்கள்.

சேலத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் வண்டியில் போக வேண்டியிருந்தால் தொப்பியும் கூலிங்கிளாஸும் வெட்கப்படாமல் போடுங்கள், கையில் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் விரதம், வெயில், மேளம், சாம்பிராணி எல்லாம் ஒன்றாகச் சேரும். விரதத்தை விடச் சொல்லவில்லை, அது உங்களுக்கும் அம்மனுக்கும் உள்ள விஷயம். பாலும் பழமும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டு இருக்கும் விரதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வலி தொடங்கிவிட்டால் என்ன செய்வது. முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். வலி வந்துவிட்டால் இரைப்பை மந்தமாகிவிடும், தாமதமாகப் போடும் மாத்திரை உள்ளே அப்படியே கிடக்கும். கஷாயத்துக்கும் அதே கதைதான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், கூடவே வாயில் போட ஏதாவது, இரண்டு பிஸ்கட்டாவது. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பிடரியிலோ பொட்டிலோ பதினைந்து நிமிஷம். இருட்டான அறை, போன் வேண்டாம்.

சுக்கு எங்கள் வீட்டில் இரண்டு விதம். குடிப்பதற்கு அரை ஸ்பூன் சுக்குப்பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கொஞ்சம் கருப்பட்டி. 2014-ல் ஈரானில் 100 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இஞ்சிப்பொடியும் ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் சுமாட்ரிப்டான் மாத்திரையும் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி வலியைக் குறைத்தன. ஆனால் அதில் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதனால் நான் சுக்கை முக்கியமாகக் குமட்டலுக்குத்தான் நம்புகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள். பற்றுப் போட, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு முழுச்சுக்கை வட்டமாக இழைக்க வேண்டும். முதலில் வெறும் சாம்பல் தண்ணீர்தான் வரும், விடாமல் இழைத்தால் இரண்டு நிமிஷத்தில் சந்தனம் மாதிரி திரளும். அதை நெற்றியில் மெல்லிசாக, கண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி. எரிச்சல் தாங்கவில்லை என்றால் உடனே கழுவுங்கள், கொப்புளம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. தைலம் சிலருக்கு ஒத்துவரும், எனக்கு அந்த நெடியே இன்னொரு தலைவலி.

தடுப்புக்கு மக்னீசியம் ஓரளவு ஆதாரம் உள்ள பொருள். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை, ஊருக்கு வெளியே வெள்ளைவெளேர் என்று நிற்கும் கரடு முழுக்க மேக்னசைட்தான், அதாவது மக்னீசியம் கார்பனேட். மலையே மக்னீசியம், நமக்குப் பிரயோஜனம் இல்லை. முருங்கைக்கீரை, கம்பு, ராகி, கொள்ளு, வேர்க்கடலை, பூசணி விதை இவற்றை வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் சேருங்கள். மாத்திரையாக என்றால் ஆய்வுகளில் தினம் 400 முதல் 600 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். வயிறு இளகும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. வைட்டமின் பி2 400 மில்லிகிராமும் அப்படித்தான், சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். எதுவானாலும் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்காமல் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். மூலிகை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். பட்டர்பர் என்ற ஒரு செடியை வெளிநாட்டு நரம்பியல் டாக்டர்களே ஒரு காலத்தில் சிபாரிசு செய்தார்கள், கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்.

வலி மாத்திரையில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்துக்கடையில் கேட்காமலேயே பட்டை பட்டையாகக் கொடுத்தார்கள், நானும் வாரம் நாலு நாள் போட்டேன். கடைசியில் தினமும் தலைவலி. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் (சுமாட்ரிப்டான் வகை) அல்லது பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும். விட்டபோது பத்து நாள் நரகம், அதை டாக்டர் சொல்படிதான் செய்தேன்.

சுக்கெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது என்றால்: இடி விழுந்தாற்போல் சட்டென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கை கால் இழுப்பது, பேச்சு குழறுவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது. ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்தாலும், கர்ப்பத்தில் புதிதாக வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். என்னைப் போல் வெளிச்சக்கோடு தெரிகிற பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் முன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், பக்கவாத அபாயம் கூடும்.

இந்த மார்ச்சில் மறுபடி மலை ஏறினோம். ஆறு மணிக்குக் காபி, ஏழுக்கு மூன்று இட்லி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட், தொப்பி, பையில் ஒரு துண்டு சுக்கு. காபிப் பூவை ரோட்டில் நின்றே பார்த்துக்கொண்டேன், எஸ்டேட்டுக்குள் போகவில்லை. ராத்திரி லேசாகப் பொட்டுத் தெறித்தது, படுத்துத் தூங்கினேன், விடிந்தால் இல்லை. அத்தைதான் கீழே இறங்கும்போது பதினான்காவது வளைவில் வாந்தி எடுத்தார்.