வறட்சி மாதங்களில் காசல்ரீயில் திலாப்பியா: ஆழம் பார்த்துத் தூண்டில் போடும் முறை

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மழை குறைவு. விமலசுரேந்திர மின் நிலையத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். போன வாரம் மீன் கிடைத்த இடத்தில் இந்த வாரம் சேறுதான் இருக்கும். ஆகவே இடத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு முறையும் ஆழத்தைப் புதிதாக அளக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

நேரம்

விடியலிலேயே போக வேண்டும் என்பது தாழ்நிலக் குளங்களுக்குச் சரி. ஹட்டன், நோர்வூட் பக்கம் பெப்ரவரிக் காலை குளிரில் திலாப்பியா மந்தமாகக் கிடக்கும். வெயில் கரையோரத்தைச் சூடாக்கும் 9 மணிக்குப் பிறகுதான் மேயத் தொடங்கும். 9 முதல் 11 வரையும் 3 முதல் 5.30 வரையும் நல்ல நேரம். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் உட்காருங்கள். மேல்மட்டத்துச் சூடான தண்ணீர் அங்கேதான் வந்து சேரும்.

சாமான்

12 அடி பைபர் தூண்டில் கம்பு போதும். ரீல் முதல் வருடத்துக்கு வேண்டாம். ஆழத்தைப் பழகுவதற்கு ரீல் இல்லாத கம்பே நல்லது. தங்கூசி (தூண்டில் நூல்) 6 றாத்தல் பாரம் தாங்குவது. முள் 8 அல்லது 10ஆம் இலக்கம். கடைகளில் செட்டாக விற்பதில் வரும் பெரிய முள்ளைக் கழற்றிவிடுங்கள். திலாப்பியாவின் வாய் சிறியது, இரையை ஓரத்தில் கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும். மிதப்பு மெல்லியதாக, பென்சில் போல இருக்கட்டும். பந்து மாதிரியான மிதப்பு பெரிய மீன் இழுத்தால்தான் அசையும்.

முள்ளைக் கட்டும்போது ஐந்து, ஆறு சுற்றுச் சுற்றி, முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழந்து அந்த இடத்திலேயே அறும். ஈயக் குண்டு இரண்டு: பெரியது மிதப்புக்கும் முள்ளுக்கும் நடுவில், சிறியது முள்ளுக்கு 15 சென்ரிமீற்றர் மேலே.

இரை

கோதுமை மா 200 கிராம், தூளாக்கிய தேங்காய்ப் புண்ணாக்கு 50 கிராம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ரொட்டி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளிலிருந்து உதிராது. பட்டாணி அளவு உருண்டை போதும், முள்ளின் நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். கெண்டை வேண்டுமென்றால் மண்புழு.

ஆழம் பார்த்தல்

மிதப்பை அமிழ்த்திவிடக்கூடிய எடையுள்ள ஈயத் துண்டு ஒன்றை முள்ளில் மாட்டி, இரை போடப்போகும் அதே இடத்தில் இறக்குங்கள்.

மிதப்பு முழுதாக அமிழ்ந்தால் தங்கூசி போதவில்லை. மிதப்பை மேலே நகர்த்துங்கள். படுத்துக் கிடந்தால் தங்கூசி அதிகம், கீழே நகர்த்துங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து தெரியும்போது முள் சரியாகத் தரையில் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து மிதப்பை நாலு விரல் கீழே இறக்கினால், இரை தரைக்கு நாலு விரல் மேலே தொங்கும்.

பிழை பெரும்பாலும் இங்கேதான். ஒரு இடத்தில் அளந்துவிட்டு, இரண்டு அடி தள்ளி இரையைப் போடுவார்கள். கரை ஒரே சீராகச் சரிவதில்லை. ஓரிடத்தில் இடுப்பளவு, அடுத்த எட்டில் ஆளுயரம். முன்னே, வலம், இடம் என மூன்று இடத்திலாவது அளந்து, திடீரென ஆழம் கூடுகிற விளிம்பைத் தேடுங்கள். வெயில் ஏறுமுன் அந்த விளிம்பிலும், ஏறிய பிறகு அதற்கு மேலுள்ள ஆழமில்லாத தட்டிலும் போடுங்கள்.

தவிடும் புண்ணாக்கும் பிசைந்த தோடம்பழ அளவு உருண்டை இரண்டை அந்த இடத்தில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு உருண்டைக்கு மேல் போட்டால் மீன் வயிறு நிறைந்துவிடும், உங்கள் முள் பக்கம் வராது.

கொத்துதல்

மிதப்பு துடிக்கும்போது இழுக்காதீர்கள். மீன் ருசி பார்க்கிறது. மிதப்பு சாய்ந்து நகர்ந்தாலோ, திடீரென மேலே எழும்பிப் படுத்தாலோ மணிக்கட்டை மட்டும் மேலே சுண்டுங்கள். எழும்புவது என்றால் மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கிவிட்டது என்று பொருள். பலர் இதைக் கவனிக்காமலே விடுகிறார்கள்.

முதுகு முள் குத்தும். தலைப்பக்கமிருந்து பின்னோக்கித் தடவி முள்ளை மடக்கிப் பிடியுங்கள். வாயைத் திறந்து பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அது அடைகாக்கும் பெண் மீன். தயவுசெய்து உடனே விட்டுவிடுங்கள். கரையோரத் தண்ணீரில் தட்டு போன்ற வட்டக் குழிகள் தெரிந்தால் அவை முட்டையிடும் இடங்கள், அங்கே தூண்டில் போட வேண்டாம்.

பிற்சேர்க்கை: மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் முள் சிக்குகிறது என்று கேட்டவர்களுக்கு

அங்கே தண்ணீருக்குள் பழைய மஸ்கெலியா நகரத்தின் சுவர்களும் கற்களும் கிடக்கின்றன. முள்ளுக்கு மேலுள்ள 15 சென்ரிமீற்றருக்கு மட்டும் 4 றாத்தல் தங்கூசி கட்டுங்கள். சிக்கினால் அது மட்டும் அறும், மிதப்பு திரும்பி வரும். மிதப்பையும் நாலு விரலுக்குப் பதில் ஒரு சாண் இறக்கி வையுங்கள். கரையில் வெட்டிப்போடும் தங்கூசித் துண்டுகள் பறவைகளின் காலில் சுற்றும். எல்லாவற்றையும் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தண்ணீர் வற்றிய சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே முழங்கால் வரை புதையும். அணைக்கட்டுப் பக்கம் போகக்கூடாது. மற்ற இடங்களிலும் அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டே உட்காருங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடி கேட்டால் கம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கரையை விட்டு ஏறிவிடுங்கள். 12 அடிக் கம்பைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வெளியில் நிற்கவே கூடாது.