ஆங்கில வழி வகுப்பில் அந்த ‘அதாவது’ வேண்டாம்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். அரசுப் பள்ளிகளில் 2012-13 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கின. எங்கள் பள்ளிக்கு அடுத்த ஆண்டு வந்தது. அப்போது நான் செய்த தவறுகள் அத்தனையும் அப்படியே கண் முன்னால் நடந்தன. தமிழில் பேசினால் அபராதம் போடக் கூடாது என்பதெல்லாம் இவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வரிக்கு வரி மொழிபெயர்ப்பது

ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்போம். உடனே ‘அதாவது...’ என்று தமிழில் சொல்வோம். அடுத்த வரி, மறுபடி ‘அதாவது’. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நமக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஆங்கில வரி ஓடும்போது கண் ஜன்னலில் இருக்கும். ‘அதாவது’ காதில் விழுந்ததும் நம் பக்கம் திரும்பும். எப்படியும் தமிழ் வரப்போகிறது, ஆங்கிலத்தை எதற்குக் கேட்க வேண்டும்? தேர்வுக்கு மட்டும் விடையை மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் வேலை. எவாப்ரேஷன் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். தாளைக் கொடுக்கும்போது, “உங்க வீட்டுப் பக்கம் எவாப்ரேஷன் எங்கடா நடக்குது?” என்று கேட்டேன். முழித்தான். “அது புக்குல வர்றது சார்” என்றான். சரி, பாத்தியில் கட்டிய தண்ணீர் எங்கே போகிறது என்றேன். மடை திறந்த மாதிரி பேசினான்: வெயிலும் காற்றும் சேர்ந்தால் சீக்கிரம் வற்றும், மேகம் போட்டால் நாளாகும், அடியில் உப்பு தங்கும், மழை பெய்தால் எல்லாம் போச்சு. பாடம் முழுக்க அவனிடம் இருந்தது. நான் நடத்திய சொல் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

தமிழை விலக்கச் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் தமிழ் மட்டும். தெரிந்ததைப் பிள்ளைகள் பேசட்டும். பலகையில் நாலைந்து சொற்களை, ஆவியாதல் – எவாப்ரேஷன் என்று ஜோடியாக எழுதுங்கள். அப்புறம் பாடம் ஆங்கிலத்தில். படம், சைகை, செய்துகாட்டுவது எல்லாம் இருக்கட்டும், இடையில் ‘அதாவது’ மட்டும் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி தமிழ், ஆனால் பேச வேண்டியது அவர்கள். அதற்குப் பிறகு இரண்டு வரி சொந்த ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘வாட்டர் கோ அப், சால்ட் ஸ்டே’ என்று எழுதினாலும் அது அவன் யோசித்து எழுதியது. முதல் இரண்டு வாரம் வகுப்பு தடுமாறும். பயந்து பழையபடி திரும்பிவிடாதீர்கள்.

பேச்சை வைத்து எடை போடுவது

‘மே ஐ கம் இன் மிஸ்’ என்று கணீரென்று கேட்கும் பிள்ளைக்கு அறிவியல் பாடமும் புரியும் என்று நினைத்துவிடுகிறோம். அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடத்தின் மொழி வேறு என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துக் காட்டினார். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலாவது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. இரண்டாவதுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே தெருவெல்லாம் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்கு அது வகுப்பறையில் மட்டும்தான்.

வீட்டிலும் ஆங்கிலம் பேசச் சொல்வது

பெற்றோரிடம் இதைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பேசாத பிள்ளையை எழுப்பி நிறுத்துவது

கேட்டுக்கொண்டிருக்கிறது. விடுங்கள்.

ஒலிக் குழப்பத்தைக் கவனக்குறைவு என்பது

பெரியது, பன்றி. இரண்டுக்குமான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் ‘பிக்’. இரண்டு ஒலிக்கும் நமக்கு ஒரே எழுத்து, அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது மாறிப்போகிறது. அடித்துத் திருத்த வேண்டிய தவறு இல்லை இது. வாயருகே ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பன்றிக்குக் காகிதம் ஆடும், பெரியதற்கு அவ்வளவாக ஆடாது.