வின்டோஸ் 11 போட்ட பிறகு பேக்கப் ஓடுகிறதா? நீங்களே பார்த்துச் சரிசெய்யும் முறை

வின்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பல லப்டொப்புகள் பதினொன்றுக்கு மாறியது இதனால்தான். சிலர் டேட்டா போட்டு இரவிரவாக இறக்கினார்கள். பலர் ரவுணில் ஒரு கடையில் கொடுத்து எடுத்தார்கள். மாறிய பிறகு பாட்டு ஓடும், பிரின்டர் வேலை செய்யும், எல்லாம் சரி போலத் தெரியும். பேக்கப் நின்றுபோயிருந்தால் மட்டும் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் லைட் எரிவதை வைத்து பேக்கப் ஓடுகிறது என்று நம்பிவிட வேண்டாம். டிஸ்க்கைத் திறந்து உள்ளே கிடக்கும் கடைசிக் கோப்பின் திகதியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதை எப்படிப் பார்ப்பது, நின்றிருந்தால் எப்படி மறுபடி ஓட வைப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வின்டோஸோடு வரும் ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதியைப் பாவிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில், செய்யக் கூடாத இரண்டு

பேக்கப் டிஸ்க்கைச் செருகியதும் "ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் சம்மதிக்க வேண்டாம். கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு யூஎஸ்பி துளையில் போட்டுப் பாருங்கள், வேறொரு கணினியில் பாருங்கள். பல நேரம் பிரச்சினை கேபிளில்தான் இருக்கும்.

மற்றது, இடம் போதவில்லை என்று சி டிரைவைத் துப்புரவு செய்யப் போகாதீர்கள். மேம்படுத்தும்போது பழைய வின்டோஸ் முழுவதும் "வின்டோஸ் டொட் ஓல்ட்" என்ற கோப்புறைக்குள் போய் நிற்கும். சாதாரணமாக 10 நாட்களுக்குப் பிறகு அது தானாகவே அழிந்துவிடும். அந்த 10 நாளுக்குள்தான் பழைய வின்டோஸுக்குத் திரும்பிப் போகவும் முடியும். உள்ளேயிருந்து வேண்டியதை எடுக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

படி 1: எந்த வகை மாற்றம் நடந்தது?

நீங்களே அப்டேட் கொடுத்து மாற்றியிருந்தால் உங்கள் கோப்புகளும் மென்பொருட்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடையில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் சி டிரைவை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள். டி டிரைவ் தப்பியிருக்கும், டெஸ்க்டொப்பில் கிடந்தவை போயிருக்கும். கடைக்காரரிடம் "மேலால போட்டனீங்களா, ஃபோர்மட் அடிச்சுப் போட்டனீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பின்னால் வரும் படிகளில் எது உங்களுக்குத் தேவை என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

படி 2: டிஸ்க்கைத் திறந்து திகதி பாருங்கள்

பேக்கப் டிஸ்க்குக்குள் "ஃபைல் ஹிஸ்டரி" என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் கணினியின் பெயர், அதற்குள் "டேட்டா". அதைத் திறந்து சி, யூசர்ஸ் என்று போனால் உங்கள் டொக்கியுமென்ட்ஸ் அப்படியே கிடக்கும். இவை சாதாரணக் கோப்புகள்தான். எந்த மென்பொருளும் இல்லாமல் கொப்பி செய்து எடுக்கலாம். ஃபைல் ஹிஸ்டரியை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கிய காரணம் இதுதான்.

ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அடைப்புக்குள் ஒரு திகதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அந்த நேரம் இலங்கை நேரம் இல்லை, உலகப் பொது நேரம். இங்கே காலை 10 மணிக்குப் பதிவானது 04 30 என்று காட்டும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பாருங்கள்.

கடைசித் திகதி வின்டோஸ் மாறிய நாளோடு நின்றிருந்தால் விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: மறுபடி இயக்குதல்

வின்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் பேக்கப் என்று தேடினால் ஃபைல் ஹிஸ்டரி கிடைத்தது. பதினொன்றில் அதே இடத்தில் தேடினால் "வின்டோஸ் பேக்கப்" என்று வேறொன்று வரும். அது ஒன்ட்ரைவுக்கு, அதாவது இணையத்துக்கு அனுப்புவது. ஃபைல் ஹிஸ்டரி இப்போதும் இருக்கிறது. கன்ட்ரோல் பெனலைத் திறந்து, சிஸ்டம் அன்ட் செக்யூரிட்டிக்குள் பாருங்கள்.

1. டிஸ்க்கைச் செருகிவிட்டு ஃபைல் ஹிஸ்டரியைத் திறக்கவும்.
2. இடப்பக்கத்தில் "செலக்ட் டிரைவ்" அழுத்தி உங்கள் டிஸ்க்கைத் தெரிவு செய்யவும்.
3. புதிதாக வின்டோஸ் போட்டவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். டிஸ்க்கில் பழைய பேக்கப் இருந்தால், அதையே தொடர்ந்து பாவிக்கவா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி கீழே வரும். அதில் சரி போட்டுப் பழைய பெயரைத் தெரிவு செய்யுங்கள். போடாவிட்டால் புதுக் கணினி என்று நினைத்துப் புதுக் கோப்புறை திறக்கும். பழையது அழியாது, ஆனால் இரண்டும் சேர்ந்து இடத்தைத் தின்னும்.
4. "டேர்ன் ஒன்" அழுத்தி, பிறகு "ரன் நவ்" அழுத்தவும்.

டிஸ்க் செருகியே இருக்க, "டிஸ்க்கை மீண்டும் இணைக்கவும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பழைய அமைப்புக் கோப்புகள் குழம்பியிருக்கக் கூடும். ஃபைல் ஹிஸ்டரியை நிறுத்துங்கள். சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொப்ட், வின்டோஸ், ஃபைல் ஹிஸ்டரி என்று உள்ளே போய், "கொன்ஃபிகரேஷன்" கோப்புறைக்குள் இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாவிட்டால் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். வெளி டிஸ்க்கிலும் இதே பெயரில் ஒரு கோப்புறை உண்டு, அங்கே போய் அழித்துவிடாதீர்கள்.

படி 4: டி டிரைவில் இருப்பவை

நம்மில் பலர் வேலையை டி டிரைவில் வைப்பவர்கள். சி போனாலும் டி மிஞ்சும் என்ற கணக்கு. ஆனால் ஃபைல் ஹிஸ்டரி எடுப்பது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றை மட்டும்தான். டி டிரைவைத் திரும்பியும் பார்க்காது. வின்டோஸ் 10இன் செட்டிங்ஸில் கோப்புறை சேர்க்க ஒரு பொத்தான் இருந்தது, பதினொன்றில் அதை எடுத்துவிட்டார்கள். வேண்டாததை விலக்கலாம், வேண்டியதைச் சேர்க்க வழியில்லை. ஏன் என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

சுற்றுவழி ஒன்று உண்டு. டி டிரைவில் உள்ள வேலைக் கோப்புறையில் ரைட் கிளிக் செய்து, "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" போய், "இன்க்ளூட் இன் லைப்ரரி" கொடுத்து, டொக்கியுமென்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். கோப்புறை இடம் மாறாது, ஆனால் ஃபைல் ஹிஸ்டரியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

படி 5: டெஸ்க்டொப்பில் இருந்தது எங்கே போனது?

பதினொன்றில் மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தால் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்ட்ரைவ் தன் கோப்புறைக்குள் இழுத்துக்கொள்வது உண்டு. பழைய இடத்தில் தேடினால் வெறுமையாக இருக்கும். பயப்பட வேண்டாம், ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள் அதே பெயர்களில் கிடக்கும்.

இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கலியாண வீட்டுப் படங்கள் இருந்தால் அது எந்த மூலைக்கு? நிரம்பியதும் அனுப்புவது நின்றுவிடும். அதற்குள் உங்கள் டேட்டா பக்கேஜும் முடிந்திருக்கும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்பவர்கள் இதை நிறுத்தி வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஒன்ட்ரைவின் செட்டிங்ஸில் "சின்க் அன்ட் பேக்கப்", "மனேஜ் பேக்கப்" என்று போய் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு கோப்புகள் ஒன்ட்ரைவுக்குள்ளேயே தங்கியிருந்தால் நீங்களே பழைய இடத்துக்குக் கொப்பி செய்ய வேண்டும். மேக அடையாளம் உள்ள கோப்பு உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. அது இறங்கி முடியும்வரை ஒன்ட்ரைவுக்குள் எதையும் அழிக்க வேண்டாம். அங்கே அழித்தால் இணையத்திலும் அழியும்.

படி 6: பாமினி

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, எங்களுக்குத்தான் இந்தத் தலையிடி. பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி மலர், பிரதேச சபைக்கு எழுதிய கடிதம் என்று பழைய தமிழ்க் கோப்புகளில் ஏராளமானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒரு குப்பை தெரியும்.

புதிதாக வின்டோஸ் போட்டபின் பேக்கப்பிலிருந்து கோப்பை எடுத்துத் திறந்து, இதைக் கண்டு, பேக்கப் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கோப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும்.

"வின்டோஸ் டொட் ஓல்ட்" இன்னும் இருந்தால் அதற்குள் வின்டோஸ், ஃபொன்ட்ஸ் என்று போய்ப் பாமினியைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கொமினிகேஷனில் ஒரு பென்ட்ரைவைக் கொடுத்தால் போட்டுத் தருவார்கள். எழுத்துருக் கோப்பில் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டால்" கொடுத்தால் முடிந்தது. ஃபைல் ஹிஸ்டரி வின்டோஸின் எழுத்துருக்களை எடுப்பதில்லை. அதனால் நீங்கள் பாவிக்கும் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் டொக்கியுமென்ட்ஸுக்குள் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். புதிதாக அடிப்பவற்றை யுனிகோடில் அடித்தால் இந்தச் சோலியே இல்லை.

படி 7: பூட்டும் திறப்பும்

2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக வின்டோஸ் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தால், வசதியுள்ள கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. மீட்புத் திறப்பு 48 இலக்கம், அது அந்தக் கணக்கில்தான் இருக்கும். யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. கடைக்காரர் வேலையை முடிப்பதற்காகத் தன் கணக்கைப் போட்டிருந்தால் திறப்பு அவரிடம். நாளைக்கு மதர்போட் எரிந்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் ஒரு கோப்பும் வராது.

செட்டிங்ஸில் "பிரைவசி அன்ட் செக்யூரிட்டி", "டிவைஸ் என்க்ரிப்ஷன்" பாருங்கள். பூட்டியிருந்தால் ஒன்றில் நிறுத்துங்கள், அல்லது உங்கள் சொந்தக் கணக்கால் நுழைந்து அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வையுங்கள்.

படி 8: எடுத்துப் பாருங்கள்

டொக்கியுமென்ட்ஸில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி "ரன் நவ்" கொடுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, ஃபைல் ஹிஸ்டரியின் "ரிஸ்டோர் பேர்சனல் ஃபைல்ஸ்" வழியாக மீட்டெடுங்கள். வந்தால் பேக்கப் உயிரோடு இருக்கிறது. டி டிரைவில் நீங்கள் லைப்ரரியில் சேர்த்த கோப்புறைக்குள் ஒரு கோப்பை வைத்தும் இதையே செய்து பாருங்கள்.

கரண்ட் நின்று வரும் நேரத்தில் பெரிய பேக்கப் ஓட விடாதீர்கள், குறிப்பாகப் பற்றரி செத்த லப்டொப்பிலும் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலும். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் டிஸ்க்கின் அட்டவணையே குழம்பலாம். வேலை முடிந்ததும் "இஜெக்ட்" கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

இன்னொரு டிஸ்க்கும் வேண்டும், அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். காணி உறுதியின் போட்டோகொப்பியைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பதைப் போலத்தான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது லப்டொப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். இந்த இரண்டாவது டிஸ்க்குக்கு மென்பொருள் ஒன்றும் தேவையில்லை, முக்கியமான கோப்புறைகளை மாதம் ஒரு தடவை கொப்பி செய்தால் போதும். ஃபைல் ஹிஸ்டரியையே அதிலும் ஓட விடுவதானால், டிஸ்க்கை மாற்றும் ஒவ்வொரு தடவையும் "செலக்ட் டிரைவ்" போய்த் தெரிவு செய்ய வேண்டும். பழைய கோப்புகளையும் அங்கே நகர்த்தவா என்று அப்போது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.