விண்டோஸ் அமைப்புகளில் கைவைப்பதற்கு முன்: மீட்புப் புள்ளியும் ரெஜிஸ்ட்ரி நகலும்

விண்டோஸ் கணினியில் புதிய டிரைவரை (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளை) நிறுவவோ, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தில்) ஒரு மதிப்பை மாற்றவோ முற்படுபவர்கள், பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே இரண்டு வசதிகள் உள்ளன. டிரைவர், புதுப்பிப்பு, பெரிய மென்பொருள் ஆகியவற்றை நிறுவுவதற்கு முன், கணினி அமைப்புகளின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் மீட்புப் புள்ளியை உருவாக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ஓரிரு மதிப்புகளை மட்டும் மாற்றுவதாக இருந்தால், அவை இருக்கும் கிளையின் (ரெஜிஸ்ட்ரியில் கோப்புறை போன்ற ஒரு பகுதியின்) நகலையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

மீட்புப் புள்ளி வசதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் மீ பதிப்பிலிருந்தே இருந்து வருகிறது. ஆயினும் விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். தேடல் பெட்டியில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ‘சிஸ்டம் புரொடெக்‌ஷன்’ பக்கம் திறக்கும். அங்கே சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்தி, பாதுகாப்பை இயக்கிவிட்டு, அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்பதையும் கீழேயுள்ள நகர்த்தியால் குறிப்பிட வேண்டும். பின்னர் ‘கிரியேட்’ பொத்தானை அழுத்திப் பெயரிட வேண்டும். தேதியும் நேரமும் தாமாகவே சேர்ந்துவிடும் என்பதால், ‘பிரிண்டர் டிரைவருக்கு முன்’ என்பதுபோல் காரணத்தைப் பெயராக வைப்பதே பயனுள்ளது.

நிறுவும் மென்பொருளே மீட்புப் புள்ளியை உருவாக்கிக்கொள்ளும் என்று நம்பியிருப்பது சரியல்ல. கடந்த 24 மணி நேரத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி உருவாகியிருந்தால், மென்பொருள்கள் கேட்கும் புதிய புள்ளியை விண்டோஸ் இயல்பாகத் தவிர்த்துவிடும். இடம் போதாதபோது பழைய புள்ளிகள் அழிக்கப்படுவதும் உண்டு. மேலும், இவை கணினியின் அதே வட்டில்தான் சேமிக்கப்படுகின்றன. வட்டு பழுதானால் அவையும் போய்விடும். சொந்த ஆவணங்களையும் படங்களையும் மீட்புப் புள்ளி காப்பதில்லை என்பதால், அவற்றை வெளி வட்டில் தனியாகச் சேமிக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி நகலை எடுக்க, ‘ரெஜிஸ்ட்ரி எடிட்டர்’ கருவியைத் திறந்து, இடப்பக்கத்தில் நீங்கள் மாற்றவிருக்கும் கிளையின்மேல் வலச்சொடுக்கு செய்து, ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பாகச் சேமிக்கலாம். முழு ரெஜிஸ்ட்ரியையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதை மீண்டும் இறக்குமதி செய்யும்போது பயன்பாட்டில் உள்ள பகுதிகளை விண்டோஸ் மாற்ற விடாது. மீட்பு அரைகுறையாகவே முடியும்.

சிறிய கிளையை மீட்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால், அதில் உள்ள மதிப்புகள் ரெஜிஸ்ட்ரியில் உள்ளவற்றின்மேல் எழுதப்படும். ஆனால் நகல் எடுத்த பிறகு புதிதாகச் சேர்க்கப்பட்ட மதிப்புகள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கும். சிக்கலுக்குக் காரணம் நீங்கள் புதிதாகச் சேர்த்த மதிப்பு என்றால், இறக்குமதி செய்வதால் மட்டும் அது தீராது. அந்த மதிப்பைக் கையால் நீக்க வேண்டும். ஆகவே, சேர்ப்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் முன்பு ரெஜிஸ்ட்ரியின் நகலைத் தானாகச் சேமித்துவந்த ‘ரெக்பேக்’ கோப்புறையில் உள்ள நகலை எடுத்துப் போட்டால் போதும் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் உலவுகின்றன. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் அக்கோப்புறையில் தானாக நகல் எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. அங்கே காணப்படும் கோப்புகள் 0 கேபி அளவில் வெறுமையாக இருக்கலாம். அவற்றை உண்மையான கோப்புகளின்மேல் நகலெடுத்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

மீட்புப் புள்ளிக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தால், அதே பக்கத்தில் உள்ள ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்திப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உடனே தொடர்ந்துவிடாமல், ‘ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்’ என்பதை முதலில் அழுத்திப் பாருங்கள். எந்தெந்த மென்பொருள்கள், டிரைவர்கள் நீக்கப்படும், எவை திரும்ப வரக்கூடும் என்ற பட்டியலை அது காட்டும். மீட்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போகக்கூடாது. மடிக்கணினியாயின் சார்ஜரை இணைத்துவிட்டே தொடங்குங்கள்.

கணினியே தொடங்காவிட்டால், விண்டோஸ் திறக்காதபோது பழுதுநீக்க உதவும் மீட்புச் சூழலின் வழியாகத்தான் செல்ல வேண்டும். தொடர்ந்து இருமுறை தொடங்கத் தவறினால் அது பெரும்பாலும் தானாகவே தோன்றும். அங்கே ‘டிரபிள்ஷூட்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இருக்கும். விண்டோஸுக்குள் இருந்து செய்த மீட்பைப் பின்னர் ரத்து செய்யலாம். ஆனால் இவ்வழியில் செய்ததை ரத்து செய்ய இயலாது. வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியால்) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் கேட்கப்படும் என்பதால், கணினி நன்றாக இருக்கும்போதே அந்தச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பார்த்து, தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வைத்துவிடுங்கள்.