கிளாட்டை இன்னொரு முறை எழுதலாமா? விடைத்தாளை வைத்து முடிவெடுப்பது எப்படி

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத்தேர்வு கிளாட். அதன் ரிசல்ட் வந்த ராத்திரியே "அடுத்த வருஷம் மறுபடி எழுதறேன்" என்று வீட்டில் அறிவித்துவிடுகிறவர்கள் உண்டு. அதே ராத்திரி பி.காமுக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேட ஆரம்பிப்பவர்களும் உண்டு. ரெண்டு பேருமே பார்த்தது ரேங்கை மட்டும்தான். மறுபடி எழுதலாமா என்ற கேள்விக்கு ரேங்கில் பதில் இல்லை, விடைத்தாளில்தான் இருக்கிறது. அதை எப்படி எடுத்துப் பார்ப்பது என்று முதல் தடவை யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: காலக்கணக்கு

தேர்வு டிசம்பரில் நடக்கிறது. 2026-ல் சேர்வதற்கான கிளாட் 2025 டிசம்பர் 7-ஆம் தேதி நடந்தது. பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதியவருக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது, அதை முடித்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த டிசம்பருக்குள் கையில் கிடைப்பது ஏழெட்டு மாதம். ஊரார் "ஒரு வருஷம் வீண்" என்பார்கள், நாம் "ஒரு வருஷம் இருக்கே" என்போம், ரெண்டுமே சரியில்லை. ஆகவே ஜனவரியில் முடிவெடுக்க வேண்டாம். பொதுப்பிரிவுக்கு பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால்தான் கிளாட் ரேங்குக்கே மதிப்பு, முதலில் அதைப் பாருங்கள்.

இந்த வருஷ ரேங்கை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போக முடியாது. வயது உச்சவரம்பு கிடையாது என்பதால் அந்தப் பயமும் வேண்டாம்.

படி 2: விடைத்தாளைப் பிரித்துப் போடுங்கள்

இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். வினாத்தாள், நீங்கள் வட்டம் நிரப்பிய விடைத்தாளின் (ஓஎம்ஆர்) நகல், இறுதி விடைக்குறிப்பு மூன்றும் வேண்டும். ஏ, பி, சி, டி செட்டில் உங்களுடையது எது என்று பார்த்துச் சரியான குறிப்பை எடுங்கள். வேறு செட்டின் குறிப்பை வைத்துத் திருத்திவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மொத்தம் 120 கேள்வி, 120 நிமிடம், தவறான ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் போய்விடும். என் சித்தி பொண்ணு எழுதியதைச் சொல்கிறேன். 108 கேள்வி தொட்டிருந்தாள், 71 சரி, 37 தவறு. 71-லிருந்து 9.25 போக 61.75. "அவ்வளவுதான் அக்கா, எனக்கு வரல" என்றாள். சாப்பாட்டு மேஜையில் வினாத்தாளை விரித்து, தவறான 37-க்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடச் சொன்னேன். விஷயமே தெரியாது என்றால் 'தெ'. தெரிந்தும் அவசரத்தில் தப்பாகப் படித்தது என்றால் 'அ'. ரெண்டு விடைக்கு நடுவில் தடுமாறித் தப்பானதை அடித்தது என்றால் 'ரெ'.

'தெ' 14 வந்தது, அதில் 11 நடப்பு நிகழ்வுகளில். 'ரெ' 12, பெரும்பாலும் சட்டத் தர்க்கத்தில். 'அ' 11. ஒரு கேள்வியில் "எது பொருந்தாது" என்பதை "எது பொருந்தும்" என்று படித்திருந்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். தொடாமல் விட்ட 12 கேள்விகளைப் பார்த்தால், மொத்தமும் கணக்குப் பகுதி! "கடைசியில் பார்த்துக்கலாம்னு வெச்சேன், நேரமே இல்ல."

அந்தக் கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், சதவீதம், விகிதம், ஒரு அட்டவணை. 12-ல் 8 சரி, 4 தவறு என்றாலும் 7 மார்க். அவசரத்தில் போன 11-ல் 6-ஐ மீட்டால் 7.5, ஏனென்றால் ஒரு தவறு சரியானால் போன கால் மார்க்கும் சேர்ந்து திரும்பி வருகிறது, ஒன்றுக்கு 1.25. ஆக 61.75 என்பது 76.25 ஆகிறது, புதிதாக ஒரு பாடமும் படிக்காமல்.

நல்ல செய்தியை மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. சரியான 71-ஐயும் பார்க்கச் சொன்னேன். அதில் ஐந்து குருட்டடி என்று ஒப்புக்கொண்டாள். அடுத்த முறை அந்த ஐந்து விழாமலும் போகலாம். குருட்டடியைப் பற்றி ஒன்று: நாலு விடையில் ஒன்று என்பதால் 16 கேள்வியைக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக 4 சரி, 12 தவறு, மிஞ்சுவது ஒரே ஒரு மார்க். அதில் பெரிய நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை, அதற்குச் செலவழித்த நிமிடங்கள்தான் நஷ்டம்.

'அ'வும் தொடாமல் விட்டதும் அதிகம் என்றால் மறுபடி எழுதக் காரணம் இருக்கிறது. எல்லாப் பகுதியிலும் 'தெ'யும் 'ரெ'யும் பரவிக் கிடந்தால் பிரச்சினை வாசிப்பில். கிட்டத்தட்ட 450 வார்த்தைப் பத்திகளாக வந்துகொண்டே இருக்கும் தாள் இது. ஆங்கிலத்தில் தினமும் தலையங்கம் படிப்பது உங்களுக்குத் தண்டனையாகத் தோன்றினால் எட்டு மாதம் அதையேதான் செய்யப்போகிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மாக் டெஸ்டோடு (மாதிரித் தேர்வோடு) ஒப்பிடுங்கள்

கடைசியாக எழுதிய பத்து மாக்கின் சராசரி என்ன? தேர்வில் அதைவிட நிறையக் குறைந்திருந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது, தூக்கமில்லை, பதற்றம், பகுதிகளின் வரிசை மாறிப்போனது, இப்படி. சராசரியும் தேர்வும் ஒன்றாகவே இருந்தால் அதுதான் உங்கள் இப்போதைய அளவு. அதே கோச்சிங், அதே நோட்டு, அதே நேர அட்டவணையோடு மறுபடி போனால் அதே மார்க்தான் வரும்.

படி 4: கையில் இருப்பது என்ன?

கலந்தாய்வில் இடம் ஒதுக்கும் முதல் சுற்றுப் பட்டியலைப் பார்த்து மனம் உடையாதீர்கள், போன வருஷத்துக் கடைசிச் சுற்றின் ரேங்கைத் தேடிப் பாருங்கள். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அகில இந்தியப் பட்டியலில் எட்டாத இடம் அதில் எட்டலாம். ரேங்கும் கல்வெட்டு இல்லை. 2025-ல் சேர்வதற்கான கிளாட்டில் சில விடைகள் தவறு என்று வழக்காகி, தில்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய் மதிப்பெண்களையே திருத்த வேண்டி வந்தது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறது, நுழைவுத்தேர்வு இல்லை. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்குப் போகும் வழியும் இருக்கிறது. இதெல்லாம் தோற்றவர்களுக்கான இடம் என்று நினைக்காதீர்கள், நம் நீதிமன்றங்களில் வாதாடுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்தான்.

படி 5: வீட்டில் பேசுங்கள்

அப்பா அம்மாவிடம் "இந்த முறை உயிரைக் கொடுத்துப் படிப்பேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை, போன வருஷமும் அதைத்தான் சொல்லியிருப்போம். எழுத்துப் போட்ட அந்த வினாத்தாளையே காட்டுங்கள். செலவைச் சேர்த்துச் சொல்லுங்கள், 2026-ல் சேர்வதற்கான தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணமே பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், கோச்சிங் தனி. கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவதா, வீட்டில் இருந்து எழுதுவதா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால் டி.சி., அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க எத்தனை நடை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

படி 6: ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்

பொதுத்தேர்வு முடிந்ததும் நாலு வாரம், வாரம் ஒரு மாக், அதே எழுத்துமுறையில் திருத்தம். சித்தி பொண்ணு கணக்கை முதலில் எடுத்து எழுதினாள். முதல் வாரம் 'அ' 13 வந்தது, அழுகை. நாலாவது வாரம் 5. அந்தத் தாளை மடித்து அவள் அப்பாவிடம் கொடுத்தாள். சித்தப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுசும் பார்த்துவிட்டு, "விண்ணப்பம் எப்ப வரும்?" என்று கேட்டார்.